இரண்டாவது பிரேக்

நர்ஸ் இரண்டாம் முறையும் தோற்றுவிட்டாள் என்ற செய்தி, அவள் வருவதற்கு முன்பே ஓட்டுநர் பயிற்சிப் பள்ளிக்கு வந்துவிட்டது. முதலாளியம்மா தொலைபேசியை வைத்த வேகத்தில் மேசை மேலிருந்த பேனா உருண்டு கீழே விழுந்தது. மாஸ்டர் குனிந்து எடுத்துக் கொடுத்தார். அதற்கு நன்றி எதுவும் வரவில்லை.

"ஒன்பது பேர், மாஸ்டர். இந்த வருஷம் உங்ககிட்ட கத்துக்கிட்டவங்கள்ல ஒன்பது பேர் ஃபெயில். மத்த ரெண்டு மாஸ்டருக்கும் சேர்த்தே மூணு பேர்தான். இங்க நீங்கதான் சீனியர். வெளியில சொன்னா வாயை மூடிக்கிட்டுச் சிரிப்பாங்க."

"இப்பல்லாம் அதிகாரி கொஞ்சம் கெடுபிடி..."

"எல்லாருக்கும் அதே அதிகாரிதானே? உங்க ஆளுங்களைப் பார்த்தா மட்டும் அவருக்குக் கொம்பு முளைக்குதா?"

மாஸ்டர் சுவரில் தொங்கிய சாலைக் குறியீட்டு அட்டையைப் பார்த்தார். அதில் எல்லாக் குறிகளும் 'நில்' என்று சொல்வதுபோல் இருந்தது.

"இன்னொண்ணு," என்றாள் முதலாளியம்மா. "மெக்கானிக் வந்துட்டுப் போனார். உங்க வண்டிக்கு மட்டும் இந்த வருஷத்துல நாலாவது தடவையா பிரேக் கட்டை மாத்தியிருக்கார். 'இந்த வண்டியை மலைமேலயா ஓட்டறீங்க'ன்னு கேக்கறார். நம்ம ஊர்ல மலையைக் காலண்டர்லதான் பார்க்கணும். அந்த நர்ஸம்மா அடுத்த வெள்ளிக்கிழமை திரும்பப் போறாங்க. அவங்களும் விழுந்தா நீங்க வண்டியை விட்டு இறங்கிடுங்க. உள்ள வகுப்பு இருக்கு. இது சிவப்பு, இது பச்சைன்னு படத்தைக் காட்டிக்கிட்டு உக்காருங்க. அதுல யாரும் ஃபெயில் ஆக மாட்டாங்க."

இருபத்திரண்டு வருடமாக ஓடுகிற வண்டியிலேயே உட்கார்ந்திருந்த மனிதருக்கு ஓடாத நாற்காலி என்பது எப்படிப்பட்ட தண்டனை என்று முதலாளியம்மாவுக்கு நன்றாகவே தெரியும்.

பயிற்சி வண்டியில் இரண்டு பிரேக் உண்டு. ஓட்டுகிறவர் காலடியில் ஒன்று. பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து சொல்லிக்கொடுப்பவர் காலடியில் இன்னொன்று. இந்த இரண்டாவது பிரேக் ஆபத்துக்கு மட்டும்தான். தேர்வு நாளில் மாஸ்டர் இறங்கிக்கொள்ள, அதே இருக்கையில் அதிகாரி ஏறி உட்காருவார். அவர் கால் அந்தப் பிரேக்கைத் தொட்டுவிட்டால் ஓட்டியவர் தோற்றார் என்று அர்த்தம். நர்ஸுக்காக அவர் இரண்டு முறை தொட்டிருந்தார்.

நர்ஸ் உள்ளே வந்தாள். முப்பத்தைந்து வயது. அழுத முகம் இல்லை, கோபமான முகம்.

"எந்த இடம்?" என்றார் மாஸ்டர்.

"அதே இடம்தான். தபால் ஆபீஸ் இறக்கம். கீழ வெள்ளைக் கோட்டுல நிக்கணும். கோட்டைத் தாண்டி அரை வண்டி வெளிய போயிட்டேன்."

"பதட்டம் சிஸ்டர். வேற ஒண்ணுமில்லை."

"பதட்டமா? இது ஊசி போடற கை மாஸ்டர். என்னைப் பார்த்து மத்தவங்கதான் பதட்டப்படுவாங்க. எப்பவும் மிதிக்கிற அளவுதான் மிதிச்சேன். உங்ககூட வரும்போது சமர்த்தா நிக்குது. அவர்கூட வரும்போது என்னைத் தெரியவே தெரியாத மாதிரி போகுது. அதே வண்டி. ஆளைப் பார்த்து மரியாதையா?" அவள் கொஞ்சம் நிறுத்தினாள். "நீங்க உங்க பக்கத்துப் பிரேக்கை மிதிக்கறீங்களா?"

"சேச்சே. உங்ககூட வந்த இந்த ஒரு மாசத்துல ஒரு தடவைகூட மிதிக்கலை."

அவர் பொய் சொல்லவில்லை. சொன்னதை முழுதாக நம்பித்தான் சொன்னார்.

நர்ஸ் அவரை, காய்ச்சல் இல்லை என்று சாதிக்கும் நோயாளியைப் பார்ப்பதுபோல் பார்த்தாள். ஏழு வருடமாக மருத்துவமனை வார்டிலேயே நின்று கால் வீங்கியவள் அவள். வீடு வீடாகப் போய்ப் படுக்கையில் கிடப்பவர்களைப் பார்க்கும் வேலை ஒன்று காலியாகி, அவளைத் தேர்ந்தெடுத்தும் விட்டார்கள். ஒரே நிபந்தனை, இந்த மாதத்துக்குள் லைசென்ஸ். மாதத்தில் மிச்சமிருந்தது ஒரே ஒரு வெள்ளிக்கிழமை.

மறுநாள் சனிக்கிழமை வகுப்புக்கு அவள் பத்து நிமிடம் முன்னதாகவே வந்தாள். மாஸ்டர் வெளியே வரும்போது அவருடைய பக்கத்துக் கதவைத் திறந்து, உள்ளே குனிந்து எதையோ தேடிக்கொண்டிருந்தாள்.

"கம்மல் விழுந்துடுச்சு. கிடைச்சுட்டுது," என்று எழுந்தாள். அவள் காதில் கம்மல் போடுகிற வழக்கமே இல்லை என்பதை மாஸ்டர் கவனிக்கவில்லை.

நாற்பது நிமிடம் ஓட்டினாள். சிக்னலில் அழகாக நின்றாள், திருப்பத்தில் அழகாக மெதுவானாள். மாஸ்டர் வழக்கம்போலத் தபால் அலுவலக இறக்கத்தைத் தவிர்த்துச் சுற்றுச் சாலை வழியாக அழைத்துவந்தார். பள்ளி வாசலில் வண்டியை நிறுத்தி, சாவியைத் திருகியதும் அவள் சொன்னாள்:

"மாஸ்டர், கோவிச்சுக்காதீங்க. உங்க ஷூவைக் கொஞ்சம் தூக்கிக் காட்டுங்க."

"எதுக்கு?"

"காட்டுங்களேன்."

காட்டினார். கறுப்புக் காலணியின் அடிப்பாகத்தில் முன்பாதி முழுக்க ஊதா நிறம். பெடலின் கட்டம் கட்டமான கோடுகள் ஒன்றின்மேல் ஒன்றாகப் பதிந்து, அச்சகத்தில் கெட்டுப்போன தாள்போல இருந்தது.

"வாய்ப்புண்ணுக்குத் தடவுற ஊதா மருந்து," என்றாள் நர்ஸ். "வாசலின்ல குழைச்சு உங்க பெடல்ல மெல்லிசா பூசி வச்சேன். ஒரு தடவை மிதிச்சிருந்தா ஒரு அச்சு இருக்கணும். இங்க எண்ணவே முடியலை. உங்க கால் அங்கயேதான் குடியிருக்கு."

மாஸ்டர் காலைத் தூக்கியபடியே உட்கார்ந்திருந்தார். வழியே போன ஒருவர், கார் கதவைத் திறந்துவைத்து ஒற்றைக் காலை நீட்டியிருக்கும் மனிதரையும், அதைக் குனிந்து ஆராயும் பெண்ணையும் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டு போனார்.

அன்று வீட்டுக்குள் காலணியைக் கழற்ற மறந்தே நுழைந்தார். வாசலிலிருந்து சமையலறை மேசை வரை அவர் மனைவி தடம் பார்த்துக்கொண்டே வந்தாள்.

"என்னங்க, வீடு பூரா ஊதாப்பூ பூத்திருக்கு?"

விஷயத்தைச் சொன்னார். "எனக்குத் தெரியவே இல்லை. சத்தியமாத் தெரியலை."

"எனக்குத் தெரியும்," என்றாள் அவள், துணியை மண்ணெண்ணெயில் நனைத்தபடி. "பஸ்ல போனாக்கூட உங்க கால் முன்சீட்டைத் தள்ளிக்கிட்டேதான் இருக்கும். முன்னால உக்காந்தவங்க திரும்பி முறைப்பாங்க. நான்தான் சிரிச்சுச் சமாளிப்பேன்."

"ஏன் சொல்லலை?"

"எதுக்காகத் தள்றீங்கன்னு தெரியும். அதான் சொல்லலை."

அந்த 'எதுக்காக' பதினோரு வருடத்துப் பழையது. அப்போதெல்லாம் வகுப்பு முடியும்போது மாணவரின் பயிற்சி அட்டையில் அன்றைய குறிப்பை எழுத வேண்டும். வண்டி நின்ற பிறகே எழுத வேண்டும் என்பது விதி. ஆனால் அடுத்த மாணவர் காத்திருப்பார் என்று, திரும்பி வரும் வழியிலேயே முழங்காலில் அட்டையை வைத்து எழுதிவிடுவது மாஸ்டரின் பழக்கம். நேரம் மிச்சம். அன்று தபால் அலுவலக இறக்கத்தில் வண்டி இறங்கிக்கொண்டிருந்தது. மாஸ்டர் அட்டையில் 'நிதானம் நன்று' என்று எழுதப்போனார். 'நிதானம்' முடிந்தது. அடுத்த சொல்லின் முதல் எழுத்திலிருந்து பேனா அட்டையின் ஓரம் வரை கோடாக இழுத்துக்கொண்டு போய்விட்டது. ஓட்டியவன் கோட்டில் நிறுத்தவில்லை. மாஸ்டர் கால் இரண்டாவது பிரேக்குக்குப் போனபோது, துணி மூட்டையோடு சைக்கிளில் குறுக்கே வந்த தையல்காரர் ஏற்கெனவே தரையில் கிடந்தார்.

தையல்காரர் பிழைத்தார். இடது கால் மூன்று இடத்தில் முறிந்து, ஒரு விரற்கடை குட்டையாகச் சேர்ந்தது. மருத்துவமனைக் கட்டிலில் மாஸ்டர் கையைப் பிடித்து, "மன்னிச்சுட்டேன், போய்ச் சாப்பிடுங்க" என்று சொன்னார். இருவரும் ஒரே சபை. அன்றிலிருந்து ஒவ்வொரு ஞாயிறும் தையல்காரர் விந்தி விந்தி நடந்து வருவதை மாஸ்டர் பார்த்தார். போதகர் ஒருமுறை, கார் ஓட்டுகிறவன் பின்கண்ணாடியையே பார்த்துக்கொண்டிருந்தால் முன்னேற முடியாது என்று பிரசங்கம் செய்தார். "ஐயாவுக்கு ஓட்டத் தெரியாது. பின்கண்ணாடியை அடிக்கடி பார்க்கணும்," என்று மாஸ்டர் வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னார். அத்தோடு அந்தப் பிரசங்கம் முடிந்தது.

சபையில் ஒரு வழக்கம் உண்டு. வாசல் பக்கம் ஒரு மரப்பெட்டி. ஜெபிக்க வேண்டிய விஷயத்தைச் சீட்டில் எழுதி, பெயர் போடாமல் அதில் போடலாம். புதன்கிழமை ஒருவர் அதைத் திறந்து, ஒவ்வொரு சீட்டுக்காகவும் தனியாக உட்கார்ந்து ஜெபிப்பார். அந்த ஒருவர் யார் என்பது போதகரைத் தவிர வேறு யாருக்கும் தெரியக்கூடாது. மாஸ்டர் பதினோரு வருடமாக, ஒரு வாரம் தவறாமல், ஒரே சீட்டைப் போட்டுவந்தார். 'என் கவனக்குறைவால் ஒருவர் கால் ஊனமானது. ஆண்டவர் என்னை மன்னிக்க வேண்டும் என்று ஜெபிக்கவும்.'

அந்த ஞாயிறும் சீட்டு சட்டைப் பையில் தயாராக இருந்தது. ஜெப வேளையில் முழங்காலிட்டார். பின்வரிசையில் முழங்காலிட முடியாததால் உட்கார்ந்தபடியே கண்ணை மூட வேண்டிய தையல்காரர், கண்ணை மூடாமல் மாஸ்டரின் காலணியின் அடியைப் பார்த்துக்கொண்டிருந்தார். மண்ணெண்ணெய்க்கு மசியாத ஊதா அங்கே இருந்தது.

ஆராதனை முடிந்து, மாஸ்டர் பெட்டியை நோக்கிப் போகையில் தையல்காரர் வழிமறித்தார்.

"என்னண்ணே, கால்ல பெயின்ட்டு? வீட்டுக்கு வெள்ளையடிக்கறீங்களா? கலர் சரியில்லையே."

மாஸ்டர் சிரித்து மழுப்பப் பார்த்தார். முடியவில்லை. கூட்டம் கலைந்து நாற்காலிகளை அடுக்கும் சத்தத்துக்கு நடுவே, நர்ஸ், ஊதா மருந்து, ஒன்பது பேர் எல்லாவற்றையும் சொன்னார்.

தையல்காரர் முழுதாகக் கேட்டுவிட்டு, உள்ளங்கையை நீட்டினார்.

"அந்தச் சீட்டைக் குடுங்க."

"எந்தச் சீட்டு?"

"பையில இருக்கற சீட்டு. சொல்லக்கூடாது, ஆனா சொல்றேன். நாலு வருஷமா அந்தப் பெட்டியை நான்தான் திறக்கறேன்."

மாஸ்டரின் கை தானாகச் சட்டைப் பையைப் பொத்தியது.

"முதல் வாரம் படிச்சதும் அழுதுட்டேன்," என்றார் தையல்காரர். "ரெண்டாவது வாரம் பாவமா இருந்துச்சு. ஆறு மாசத்துல கோபம் வந்துச்சு. இப்ப அந்தக் கையெழுத்தைப் பார்த்தாலே கொட்டாவி வருது. நானே உங்களை மன்னிச்சு, நானே உங்களை மன்னிக்கச் சொல்லி வாராவாரம் ஜெபிச்சு... என்ன வேலைண்ணே இது? ஆண்டவரும் மன்னிச்சிட்டார்னு சாட்சி சொல்ற கூட்டத்துல நீங்களே எழுந்து சொல்றீங்க. நான் ஆச்சு, அவர் ஆச்சு. மூணாவதா யார்கிட்ட கையெழுத்து வாங்கணும்?"

"தம்பி, உனக்கு லேசாச் சொல்லிட முடியுது. நான் மறந்துட்டா என்ன மனுஷன்?"

"மறக்கச் சொல்லலையே. காலை எடுங்கன்னுதான் சொல்றேன்."

"உன் கால்..."

"ஆமா, என் கால். என்னோடது. அதை நான் பழகிட்டேன். மிதிக்கிற தையல் மெஷினைத் தூக்கிப் போட்டுட்டு மோட்டார் மெஷின் வாங்கினேன், வலது காலே போதும், வேலை ரெண்டு மடங்கு ஓடுது. நீங்கதான் என் காலைத் தூக்கிக்கிட்டு அலையறீங்க."

தையல்காரரின் குரலில் இருந்த கிண்டல் இப்போது போய்விட்டது.

"ஒண்ணு கேக்கறேன். நீங்க அப்படி மிதிச்சு மிதிச்சு யாரைக் காப்பாத்தறீங்க? அந்த நர்ஸம்மா லைசென்ஸ் வாங்கிட்டா, நாளைக்குத் தனியா ஓட்டுவாங்க. பக்கத்துல உங்க கால் இருக்காது. பாதி பிரேக்தான் அவங்களுக்குப் பழக்கம். எதிர்ல என்னை மாதிரி ஒருத்தன் சைக்கிள்ல வருவான். ஃபெயில் ஆன ஒன்பது பேரை விடுங்கண்ணே. பாஸ் ஆனவங்க எத்தனை பேர்?"

இந்தக் கேள்வி மாஸ்டரிடம் யாரும் கேட்காதது. அவரும் கேட்டுக்கொள்ளாதது. பதினோரு வருடத்தில் அவரிடம் கற்று வெற்றி பெற்றவர்கள் இருநூறு பேராவது இருப்பார்கள். இறக்கத்துக்குப் பயந்து அவர்களில் ஒருவரையும் அந்தப் பக்கம் அழைத்துப் போனதில்லை. பாவத்துக்குப் பரிகாரம் என்று நினைத்து அவர் செய்துவந்தது, அதே விபத்தை இருநூறு பேர் கையில் பிரித்துக் கொடுப்பதாக இருந்தது. பக்கத்திலிருந்த நாற்காலியில் உட்கார்ந்தார். அடுக்குகிறவர் வந்து, "எழுந்திருங்க பிரதர், இதுதான் கடைசி" என்றதும் எழுந்தார்.

சீட்டை எடுத்துக் கொடுத்தார். தையல்காரர் அதைப் பிரித்துப் படிக்கக்கூட இல்லை. இடக்கையில் சீட்டு, வலக்கை மாஸ்டர் தோளில்.

"ஆண்டவரே, இவர் கேட்டதை நீர் எப்பவோ குடுத்துட்டீர். இவர்தான் வாங்கிக்க மாட்டேங்கறார். இன்னிக்காவது வாங்க வையும். ஆமென்."

சீட்டை நான்காகக் கிழித்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். தையல்காரர் துணியை வெட்டுவதுபோலவே நேராகக் கிழித்திருந்தார்.

"செவ்வாய்க்கிழமை நர்ஸம்மாவுக்கு வகுப்பு இருக்கா? எனக்கும் தபால் ஆபீஸ்ல ஒரு பார்சல் போடணும். பின்சீட்ல வர்றேன்," என்றார். அது கேள்வியாக இல்லை.

செவ்வாய்க்கிழமை காலை பத்து மணி. நர்ஸ் கேட்காமலே மாஸ்டர் பெடலில் புதிதாக ஊதா பூசச் சொன்னார். பின்சீட்டில் தையல்காரர் மடியில் பார்சலோடு, கல்யாணத்துக்குப் போகிறவர்போல உட்கார்ந்திருந்தார்.

"சிஸ்டர்," என்றார் மாஸ்டர், வண்டி கிளம்புவதற்கு முன். "இதுவரைக்கும் நீங்க பாதிதான் பிரேக் பிடிச்சிருக்கீங்க. மீதிப் பாதி நான் பிடிச்சேன். தப்பு உங்களோடது இல்லை. இன்னிக்கு முழுசும் உங்களோடது. முதல்ல சமதரை. பழகினப்புறம் இறக்கம்."

நர்ஸ் அவரை ஒரு கணம் பார்த்தாள். "சரி மாஸ்டர். பெல்ட்டை இறுக்கிக்குங்க," என்றாள். "பின்னால ஐயாவும்தான்."

மாஸ்டர் காலைப் பெடலின் மேல் வைக்கவில்லை. பக்கத்தில், தரையில் வைத்தார். தொடை முழுதும் இறுகியது. காலுக்குத் தனி மனது இருந்தது. அது அவரைக் கேட்காமல் ஊர்ந்து ஊர்ந்து போயிற்று. இரண்டு முறை பெடலின் ஓரத்தைத் தொட்டதும் கையால் முழங்காலைப் பிடித்து இழுத்துவந்தார். ஆபத்தென்றால் உடனே எட்டும் தூரம்தான். ஆனால் மிதிக்கவில்லை.

முதல் முறை நர்ஸ் வழக்கம்போல மிதிக்க, வண்டி நிற்க வேண்டிய இடத்தைத் தாண்டி உருண்டது. இரண்டாம் முறை பயத்தில் முழு பலத்தோடு மிதிக்க, பார்சல் பறந்து முன்சீட்டின் முதுகில் மோதியது.

"தபால்காரருக்கு முன்னாடி நீங்களே டெலிவரி பண்ணிட்டீங்க," என்றார் தையல்காரர்.

"உடையற சாமானா ஐயா?"

"தைச்ச கோட்டு, நர்ஸம்மா. கசங்கும். அவ்வளவுதான்."

எட்டாவது முறை வண்டி நின்றது, சொன்ன இடத்தில், சத்தமில்லாமல். பத்தாவது முறையும் நின்றது. மாஸ்டர் ஜன்னலுக்கு வெளியே பார்த்தபடி, "தபால் ஆபீஸ் பக்கம் திருப்புங்க," என்றார்.

இறக்கத்தின் உச்சியில் பதினோரு வருடத்துக்குப் பிறகு அவர் வந்து நின்றார். பெரிதாக எதுவும் மாறவில்லை. கீழே வெள்ளைக் கோடு புதிதாக அடித்திருந்தார்கள். ஒரு கடையின் பெயர்ப்பலகை மாறியிருந்தது. தையல்காரர் ஜன்னலைக் கீழே இறக்கி எட்டிப் பார்த்தார்.

"இந்த இடமாண்ணே? நான் அந்த மரத்துக்கு அந்தப் பக்கம்னு நினைச்சுக்கிட்டிருந்தேன்."

விழுந்தவருக்கே இடம் மறந்துபோயிருந்தது.

வண்டி இறங்கத் தொடங்கியது. பாதி இறக்கத்தில், கீழே, நடைபாதையிலிருந்து ஒரு தாய் குழந்தையைத் தள்ளுவண்டியில் வைத்துத் தள்ளியபடி, கைப்பேசியில் பேசிக்கொண்டே சாலையில் இறங்கினாள். இந்தப் பக்கம் திரும்பவே இல்லை. மாஸ்டர் கால் தரையை விட்டு எழுந்தது. அது பெடலை எட்டுவதற்கு முன், உடம்பு லேசாக முன்னால் சாய்ந்து பின்னால் வந்தது. வண்டி நின்றுவிட்டிருந்தது. கோட்டுக்கு இரண்டு முழம் முன்னால். தள்ளுவண்டிக்காரி பேச்சை நிறுத்தாமலே கடந்து போனாள்.

மாஸ்டர் கால் அந்தரத்தில் இருந்தது. அதைப் பார்த்தார். மெதுவாகத் தரையில் வைத்தார்.

"சரியா நின்னேனா?" என்றாள் நர்ஸ்.

"ம்."

"ம்னா?"

"நல்லா நின்னீங்க," என்றார். பின்சீட்டிலிருந்து தையல்காரர், "என்னை இங்கயே இறக்கி விடுங்க, மேல ஏறிப் போகணும்னா என் கால் கெஞ்சும்... இல்ல இல்ல, தபால் ஆபீஸ் மேலதானே இருக்கு, திருப்புங்க, திருப்புங்க," என்றார். மூன்று பேரும் சிரித்தார்கள். அன்று அந்த இறக்கத்தில் ஆறு முறை இறங்கினார்கள்.

பள்ளி வாசலில் நர்ஸ் மாஸ்டரின் காலணியைப் பார்த்தாள். பழைய கறையின் ஓரத்தில் புது ஊதா ஒரு விரல் அகலத்துக்கு இருந்தது.

"ரெண்டு தடவை," என்று ஒப்புக்கொண்டார் மாஸ்டர். "சமதரையில. நானே பிடிச்சு இழுத்துட்டேன்."

வெள்ளிக்கிழமை. தேர்வு அலுவலகத்துக்கு வெளியே இருந்த பெஞ்சில் மாஸ்டர் உட்கார்ந்திருந்தார். வண்டி கிளம்பிப் போய் இருபது நிமிடம் ஆகியிருந்தது. இத்தனை வருடமும் இந்த பெஞ்சில் அவர் ஜெபித்தது ஒரே ஜெபம்தான், யாருக்கும் எதுவும் ஆகிவிடக் கூடாது என்று. அன்று அந்த நர்ஸின் பெயரைச் சொல்லி, அவள் போய்ப் பார்க்கப்போகும் படுக்கைக்காரர்களுக்காகவும் சேர்த்துக் கேட்டார். ஆமென் சொன்ன பிறகு குனிந்து பார்த்தார். இரண்டு பாதமும் தரையில் இருந்தன.

நர்ஸ் தாளை ஆட்டிக்கொண்டே வந்தாள்.

"பாஸ்! பின்னால எடுக்கும்போது கவனம் தேவைன்னு எழுதியிருக்கார், அது போகட்டும். இறக்கத்துல கோட்டுக்கு ஒரு முழம் முன்னாடியே நின்னேன். 'ஏம்மா இவ்வளவு சீக்கிரம்?'னார். 'கோடு எங்க ஓடிடப் போகுது சார்'னேன். சிரிச்சிட்டார் மாஸ்டர், அந்த மனுஷனுக்குப் பல் இருக்கறதே இன்னிக்குத்தான் தெரிஞ்சுது."

பள்ளியில் முதலாளியம்மா மறுபடியும் பேனாவை உருட்டினாள். இந்த முறை சந்தோஷத்தில். ஆனால் மாஸ்டர் வகுப்பறை நாற்காலிக்குப் போகவும் இல்லை, வண்டிக்குப் போகவும் இல்லை. அலமாரியைத் திறந்து, பழைய மாணவர்களின் அட்டைக் கட்டுகளை எடுத்து மேசையில் பரப்பினார். முதல் அட்டையிலிருந்த எண்ணை அழைத்தார்.

"நான் ட்ரைவிங் ஸ்கூல் மாஸ்டர் பேசறேன். ஒரு மணி நேரம் வந்துட்டுப் போங்க. பிரேக் விஷயத்துல உங்களுக்கு நான் ஒண்ணு சரியாச் சொல்லிக்குடுக்கலை."

"பாஸ் ஆனவங்களை எதுக்கு மாஸ்டர் கூப்பிடறீங்க?" என்று முதலாளியம்மா தலையில் கை வைத்தாள். "ஸ்கூலுக்கு நாமளே கெட்ட பேர் வாங்கித் தர்றதா?"

"ஃபீஸ் கிடையாது. என் சாப்பாட்டு நேரத்துல கூட்டிட்டுப் போறேன்," என்றார் மாஸ்டர், இரண்டாவது எண்ணைப் போட்டபடி.

சிலர் சிரித்தார்கள். ஒருவர் திட்டிவிட்டு வைத்தார். எண் மாறிப்போனவர்கள் பலர். அந்த வாரத்தில் ஐந்து பேர் வருவதாகச் சொன்னார்கள், அதில் ஒரு பல் மருத்துவரும் உண்டு. அவர்தான் இறக்கத்தில் கோட்டைத் தாண்டி நின்று, முகம் வெளுத்து, "இவ்வளவு நாள் எப்படி ஓட்டினேன் மாஸ்டர்?" என்று கேட்டவர். "அது என் தப்பு," என்று மாஸ்டர் சொன்னார். சொல்லிவிட்டு, "மறுபடி மேல போங்க," என்றார்.

அடுத்த ஞாயிறு ஆராதனை முடிந்து எழுந்தபோது பின்வரிசையிலிருந்து குரல் வந்தது.

"இன்னும் கொஞ்சம் ஊதா இருக்குண்ணே."

"பழைய கறை. போக மாட்டேங்குது."

"விடுங்க. நடக்க நடக்கத் தேஞ்சிடும்," என்றார் தையல்காரர், ஊன்றி எழுந்தபடி.

வாசலில் மாஸ்டர் சட்டைப் பையிலிருந்து ஒரு சீட்டை எடுத்துப் பெட்டியில் போட்டார். தையல்காரரின் புருவம் மேலே ஏறியது. மாஸ்டர் அவரைப் பார்க்காததுபோல் படி இறங்கிப் போனார்.

புதன்கிழமை பெட்டியைத் திறந்தபோது அந்தக் கையெழுத்தைக் கண்டுபிடிக்கத் தையல்காரருக்கு ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. கொட்டாவி வருவதற்கு வாயைத் தயாராக வைத்துக்கொண்டுதான் பிரித்தார்.

'பல் மருத்துவர் ஒருவருக்கு இறக்கத்தில் இன்னும் சரியாக வரவில்லை. வியாழக்கிழமை பதினொரு மணிக்கு மறுபடி வருகிறார். ஜெபிக்கவும்.'

தையல்காரர் வாயை மூடினார். காலை நீட்டி உட்கார்ந்துகொண்டு, வியாழக்கிழமை பதினொரு மணிக்காக ஜெபிக்கத் தொடங்கினார்.